மாரீஸ்வரியின் மூன்றாவது ஹோல்டர்

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு முதல் ஜன்னல் உடைந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெற்றிட அறையின் அளவுமானி ஒரே தாவலாக மேலே போனது. குழாயின் நடுவில் இருந்த வால்வு 'டக்'கென்று தானாக மூடிக்கொண்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் இருண்டுபோனது. அவ்வளவுதான்.

மாரீஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அளவுமானியின் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உடைந்தது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ஜன்னல். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அதன் தடிமன். சிலிகான் சில்லின் நடுவில், கண்ணுக்கே தெரியாத ஒரு சவ்வாக இருக்கும். செம்பூரில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் எக்ஸ்-கதிர் நுண்ணோக்கிக்கு அப்படி ஒரு ஜன்னல் இல்லாமல் தண்ணீரைக் காட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுக்கும் கதிர் உடம்பையே துளைத்துப் போகும். இது மென்கதிர். ஒரு விரல் அகலக் காற்று இருந்தால்கூட அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் நுண்ணோக்கியின் உள்ளே காற்றே இருக்காது, முழுக்க வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு நடுவில் சில மைக்ரான் தடிமனுக்குத் தண்ணீரை நிறுத்தி, அது கொதித்துச் சிதறாமல், கதிர் மட்டும் புகுந்து வெளியே வரும்படி ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர் சாம்பிள் ஹோல்டர். அதை வடிவமைத்துக் கொடுப்பது மாரீஸ்வரியின் வேலை.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் தாராவியில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மாட்டுங்காவில் ஒரு கண்ணாடிக் கடையில் ஏழு வருடம் இருந்தாள். பிரேம் இல்லாத மூக்குக் கண்ணாடிக்குத் துளை போட்டு ஸ்க்ரூ வைப்பது அங்கே அவள் வேலை. ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டால் கண்ணாடி விரிசல் விடும் என்பதும், மாற்றி மாற்றிக் கால் திருகு கால் திருகாக முடுக்க வேண்டும் என்பதும் அவள் விரல்களுக்கு அங்கேதான் பழகின. கணவன் சுடலைக்கண்ணன் அணுசக்தி நகர் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த பஸ்ஸின் டிரைவர். ஆராய்ச்சிக்கூடத்தின் பட்டறைக்கு நுணுக்கமான கைவேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டு வந்து சொன்னவன் அவன்தான். வேலைத் தேர்வின்போது, நுண்ணோக்கிக்குப் பொறுப்பாளரான டாக்டர் வெங்கடேஷ் அவளிடம் ஒரு ஜன்னல் சில்லையும் ஓர் இடுக்கியையும் நீட்டினார். அவள் முதலில் துப்பட்டாவை எடுத்து மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டாள். மூச்சுக்காற்று பட்டாலே அது பறந்துவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதைப் பார்த்த வெங்கடேஷ் அங்கேயே அவளை எடுத்துக்கொண்டார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

அந்த வாரம் புனேயிலிருந்து டாக்டர் சாயிமா வந்திருந்தார். துத்தநாக பேட்டரி அவருடைய ஆராய்ச்சி. மின்சார ஸ்கூட்டரில் இப்போது இருக்கும் பேட்டரி தீப்பிடிக்கும். துத்தநாகமும் தண்ணீரும் வைத்துச் செய்வது தீப்பிடிக்காது. ஆனால் சார்ஜ் ஏற ஏற உள்ளே துத்தநாகம் முள் முள்ளாக வளர்ந்து பேட்டரியைக் கொன்றுவிடுகிறது. முள் எப்படி முளைக்கிறது, சார்ஜ் இறங்கும்போது எப்படிக் கரைகிறது என்பதைத் தண்ணீருக்குள்ளேயே, நடக்கும்போதே பார்க்க வேண்டும். அவருக்கு நுண்ணோக்கி கிடைத்தது மூன்றே நாள். அடுத்த முறை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இதற்காக மாரீஸ்வரி புதிதாக ஒரு ஹோல்டர் வரைந்திருந்தாள். லென்ஸுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கிடையாது. அதனால் மூடியை முன்பைவிட மெல்லியதாக்கி, தண்ணீர் வந்து போகும் காடிகளை, அந்த மெல்லிய பள்ளங்களை, ஓரத்துக்கு நகர்த்தினாள். டைட்டானியத்தில் மூன்று மூடிகளை அறுத்துக் கொடுத்தது தாராவியில் பட்டறை வைத்திருக்கும் சுயம்பு. அந்த மூன்றில் முதலாவதுதான் இப்போது வெற்றிடத்துக்குள் ஜன்னலைப் பறிகொடுத்துவிட்டு நின்றது.

மதியம் அறையைத் திறந்து ஹோல்டரை வெளியே எடுத்தார்கள். நல்ல வேளையாக லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெங்கடேஷ் மூடியைச் சாதாரண நுண்ணோக்கியின் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

"இதைப் பாருங்கோ மாரீஸ்வரி. இது என்ன?"

காடியின் விளிம்பில் உலோகம் சுருண்டு ஒரு நகக்கீறல்போல நின்றது.

"பிசிறு சார்."

"இப்படி ஒண்ணு உடைஞ்சு உள்ளே போனா எந்த ஜன்னல் தாங்கும்? இதை வெச்சேதான் நீங்க மாட்டினேளா?"

"அது ஜன்னல்லருந்து நாலு மில்லி தள்ளி இருக்கு சார். தண்ணி வெளிய போற பக்கம். அது உள்ள வர வழியில்ல."

"வழி இருக்கா இல்லையான்னு ஜன்னலைக் கேளுங்கோ," என்றார் வெங்கடேஷ். அவர் கத்துகிறவர் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். "சந்துக்குள்ளே கொடுத்து அறுத்தா இப்படித்தான். இந்தப் பட்டறைக்கு இனிமே வேலை போகக் கூடாது. பர்ச்சேஸுக்கு எழுதிடறேன்."

அப்போதே கொள்முதல் பிரிவுக்கு எழுதி அனுப்பியும்விட்டார். அந்தப் பட்டறையைச் சொல்லிக் கொண்டுவந்தவள் அவள்தான். பதில் பேச வாயெடுத்தாள். ஆனால் பிசிறு இருந்தது உண்மை. ஜன்னல் உடைந்ததும் உண்மை. வேறு காரணம் எதுவும் அவள் கையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது மூடி. முந்தின மாலையே அதன் விளிம்புகளைத் தேய்த்து, கழுவி, இரண்டு தரம் சோதித்திருந்தாள். காலை பத்துக்கு ஓட்டம் தொடங்கியது. திரையில் துத்தநாகம் கறுப்புத் துளிர்களாக எட்டிப் பார்த்தது. சாயிமா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். இருபது நிமிடம். இருபத்தைந்து. மாரீஸ்வரி படத்தைப் பார்க்கவில்லை. பம்பின் அழுத்தம் காட்டும் சின்ன எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதில் நின்றது அறுபதானது. தொண்ணூறானது. அவள் பம்பை நோக்கிக் கையை நீட்டுவதற்குள் எண் சட்டென்று எகிறியது. வால்வு மூடியது. திரை இருண்டது.

முப்பத்தொன்றாவது நிமிடம். திங்கட்கிழமை முப்பத்துமூன்று.

சாயிமா கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். "நாளைக்கு என்ன செய்வது?" என்று ஹிந்தியில் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

வெங்கடேஷ் சொன்னார்: "நாளைக்குத் தண்ணி ஓடாத பழைய ஹோல்டர்தான். மூணாவது வாட்டியும் உடைஞ்சு ஒரு சில்லு லென்ஸ் மேல பட்டா இந்த மெஷினே ஒரு வருஷம் படுத்துக்கும்."

"ஓடாத தண்ணீரில் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை," என்றார் சாயிமா.

மாரீஸ்வரிக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிசிறால் உடைந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உடைந்திருக்கலாம், ஐம்பதிலும் உடைந்திருக்கலாம். பிசிறுக்கு மணி பார்க்கத் தெரியாது. இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உடைந்தது என்றால், உள்ளே ஏதோ ஒன்று அரை மணி நேரமாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

சாயிமாவிடம் கேட்டு, உடைவதற்கு முன் எடுத்த கடைசிப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். கடைசி மூன்று படத்திலும் முட்கள் வளரவே இல்லை. தண்ணீர் ஓடுவது நின்றுபோயிருந்தது. பம்பு தள்ளிக்கொண்டுதான் இருந்தது, தண்ணீர் போகவில்லை.

பட்டறை மேஜையில் அதே வடிவத்தில் ஒரு சோதனை ஹோல்டர் இருந்தது. ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காக மூடி மட்டும் தெளிவான அக்ரிலிக்கில் செய்தது. அதில் சாயிமாவின் கரைசலை ஓடவிட்டு, மின்சாரம் கொடுத்தாள். துத்தநாகம் ஏறும்போது கூடவே கொஞ்சம் வாயுவும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன மாதம் இதே மேஜையில் மூன்று மணி நேரம் ஓட்டியும் பார்த்திருந்தாள். குமிழிகள் வந்த வேகத்தில் தண்ணீரோடு வெளியேறின. அப்போது ஹோல்டர் மேஜைமேல் படுத்திருந்தது.

நுண்ணோக்கிக்குள் அது நின்றுகொண்டிருக்கும்.

அவள் ஹோல்டரை ஒரு கிளிப்பில் மாட்டி நிமிர்த்தி வைத்தாள். குனிந்து பார்த்தாள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. மேலேதான் தண்ணீர் உள்ளே வரும் வாய். கீழே போக வேண்டிய குமிழி கீழே போகவில்லை. மேலே ஏறி, வரும் வாயிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பாசிமணி அளவுக்கு ஊதி, வழியை அடைத்தது. அழுத்த எண் ஏறியது. எழுபது, நூற்றைம்பது, இருநூறு. பிறகு அடைப்பு பிய்த்துக்கொண்டது. ஒரே தள்ளலாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சோதனைக்குப் போட்டிருந்த பழைய ஜன்னல் அவள் கண்ணெதிரே காணாமல் போனது.

இருபத்தொன்பது நிமிடம். சுவரில் மணி நான்கு.

வரும் வாயை மேலே வைத்தது அவள். போகும் காடியை முன்பைவிடக் குறுக்கியது அவள். படுக்கவைத்துச் சோதித்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டதும் அவளே. சுயம்பு அவள் வரைந்ததை வரைந்தபடி அறுத்துக் கொடுத்திருந்தார்.

வெங்கடேஷின் அறைவரை போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அவர் போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். "இல்லை, டிசைன் சரிதான். ஃபேப்ரிகேஷன்லே பிராப்ளம். வெண்டரை மாத்திட்டோம்."

அவள் கதவைத் தட்டவில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். காகிதம் அவர் மேஜைக்குத்தான் வரும். நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூன்றாவது மூடியைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் சுடலைக்கண்ணன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவள் பேசாமல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஒடஞ்சிட்டா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாது, அப்படித்தான?"

"தெரியாது. பழைய ஹோல்டரப் போட்டு ஓட்டுவாவ. சாயிமா மேடம் ஊருக்குப் போயிருவாவ. ஒரு மாசம் கழிச்சி நான் டிசைன மாத்திட்டேன்னு சொன்னா, நல்லாருக்குன்னு சார் தலைய ஆட்டுவாரு."

"சுயம்பு அண்ணாச்சிக்கு?"

அவள் பையை இழுத்து மூன்றாவது மூடியை வெளியே எடுத்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் செம்பூர் போகும் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. மூன்றாவது மூடியைப் பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டு, அறுபதடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துக்கு நடந்தாள். சுயம்புவின் பட்டறை திறந்திருந்தது. பழைய லேத் ஒன்று, கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன மில்லிங் மெஷின் ஒன்று. சுயம்பு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் நிமிரவில்லை.

"லெட்டர் வந்துட்டு," என்றார். "பதினாலு வருசத்துல என் பட்டறையிலருந்து போன ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. இப்ப தரம் சரியில்லன்னு தாள்ல எழுதி அனுப்பிட்டாவ. நீ எதுக்கு வந்திருக்க?"

"இந்த மூடியில மேல இருக்க வாய அகலமாக்கணும் அண்ணாச்சி. பாயிண்ட் மூணு மில்லி இருக்கு. பாயிண்ட் எட்டு வேணும். சரிவா வரணும். டியூப மாத்திக் குடுத்து, தண்ணிய கீழருந்து மேல விடப்போறேன்."

"ஏன்? பிசிறுதான காரணம்?"

"பிசிறு இல்ல. என் படந்தான் தப்பு. கேஸ் போக வழி இல்லாம வரஞ்சிட்டேன்."

சுயம்பு எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "இத யார்ட்ட சொன்ன?"

"இன்னும் சொல்லல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

"அண்ணாச்சி, இன்னைக்கு மதியத்துக்குள்ள இது ஓடணும். ஓடிட்டுன்னா..."

"ஓடிட்டுன்னு வையி," என்றார் சுயம்பு. "அப்பவும் என்ன பேசுவாவ? சுயம்பு பிசிறு விட்டான், மாரீஸ்வரி சரி பண்ணிட்டாண்ணுதான பேசுவாவ? என் கையாலயே அறுத்துக் குடுத்து எனக்கே அந்தப் பேர வாங்கணுமா?"

மெஷினின் கண்ணாடிக் கதவை அவர் சாத்தினார். "போன் இருக்குல்லா. இங்க நின்னே பேசு. பேசி முடி. அப்பறம் அறுத்துத் தாரேன்."

எதிர்ச் சந்தில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் வெங்கடேஷ் எடுத்தார்.

"எங்கே இருக்கேள்? பழைய ஹோல்டரை யார் மாட்டறது?"

"சார், ரெண்டு ஜன்னலும் பிசிறால ஒடயல. என் டிசைன்தான் காரணம்." சொல்லத் தொடங்கியபின் நிறுத்தாமல் சொன்னாள். படுக்கவைத்துச் சோதித்தது, நிமிர்த்தி வைத்ததும் குமிழி மேலே ஏறியது, வாய் அடைத்தது, இருபத்தொன்பது நிமிடம்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இது எப்போ தெரிஞ்சது?"

"நேத்து சார்."

"நேத்திக்கு எப்போ?"

"நாலு மணிக்கு."

"இப்போ எட்டரை. பதினாறரை மணி நேரம்." குரல் மிகவும் தணிந்திருந்தது. "நாலு மணிக்கு நான் என் ரூம்லேதான் இருந்தேன்."

"ஆமா சார். கதவு வரைக்கும் வந்தேன். பயமா இருந்தது. போயிட்டேன்."

"அந்த மூடி எங்கே?"

"சுயம்பு அண்ணாச்சி பட்டறையில சார். வாய அகலமாக்கணும்."

"பதினொண்ணுக்குள்ளே கொண்டு வாங்கோ. ஓட்டறதா வேண்டாமான்னு அப்போ பாக்கலாம்." இணைப்பு துண்டானது.

சுயம்பு டப்பாவுக்குக் கை நீட்டினார். மூடியைப் பொருத்தி, தலைமுடிக் கனத்துக்கு ஒரு கட்டரைத் தேடி எடுத்து மாட்டினார். மெஷின் நாற்பது நிமிடம் ஓடியது. முடிந்ததும் மூடியை லென்ஸின் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூங்கில் குச்சியால் விளிம்பை மெதுவாக வருடினார்.

"பிசிறு இருந்தது நெசந்தான்," என்றார். "என் கண்ணு தப்பிட்டு. அதையும் அவர்ட்ட சொல்லிரு."

சயன் தாண்டுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். மாரீஸ்வரி இறங்கி, டப்பாவை மார்போடு அணைத்தபடி நெரிசலைத் தாண்டி நடந்து, ஓர் ஆட்டோவைப் பிடித்தாள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் டப்பாவை மடியிலிருந்து தூக்கிக் கையில் ஏந்திக்கொண்டாள். பத்து ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தாள்.

வெங்கடேஷ் டப்பாவை வாங்கி மூடியைச் சாதாரண நுண்ணோக்கியின் கீழே வைத்தார். சாயிமாதான் கேட்டார், ஹிந்தியில்: "எவ்வளவு நிச்சயம்?"

"மேஜையில நிமிர்த்தி வச்சு ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன் மேடம்," என்று அவளும் ஹிந்தியில் சொன்னாள். "அதுக்கு மேல நிச்சயம் எங்கிட்ட இல்ல."

அந்த மூடியில் ஒரு பழைய ஜன்னலை மாட்டி, எழுபது நிமிடம் மேஜையில் ஓட்டினாள். மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள். குமிழிகள் மேலே ஏறின. போகும் வாயில் வழுக்கி, தெளிவான குழாய் வழியே வெளியேறின. வெங்கடேஷ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சாயிமா அவரைப் பார்த்தார்.

"என் மூன்று நாள் இன்றோடு முடிகிறது," என்றார் சாயிமா. "ஆனால் லென்ஸ் உங்களுடையது."

வெங்கடேஷ் யோசித்தார். "கை வால்வு என் கிட்டே இருக்கும். நம்பர் இருநூறைத் தொட்டா யாரையும் கேக்க மாட்டேன், மூடிடுவேன்."

மாரீஸ்வரி, முன்னும் பின்னுமாக மாட்டும் கடைசிப் புது ஜன்னல் ஜோடியை எடுத்தாள். கைவசம் வேறு இல்லை. மூக்கைக் கட்டிக்கொண்டு, சில்லை இடுக்கியால் தூக்கி, இருக்கையில் இறக்கினாள். நான்கு ஸ்க்ரூ. கால் திருகு, எதிர் மூலை, கால் திருகு. மூன்றாவது சுற்றில் நெற்றி வியர்வை இமைக்கு இறங்கியது. துடைக்கவில்லை.

ஓட்டம் ஒன்று பத்துக்குத் தொடங்கியது.

பத்து நிமிடத்தில் முதல் துளிர் தெரிந்தது. சாயிமா மெதுவாக நேரத்தைச் சொல்லிக்கொண்டே படங்களைச் சேமித்தார். வெங்கடேஷின் வலது கை வால்வின் பிடியில் இருந்தது. மாரீஸ்வரியின் ஒரு கை பம்பில், கண் எண்ணில். நாற்பது. நாற்பத்திரண்டு. இருபத்தாறாவது நிமிடம் எழுபதானது. வெளியே வரும் தெளிவான குழாயில் ஒரு வெள்ளைத் துண்டு நகர்ந்து போனது. எண் நாற்பதுக்கு இறங்கியது. முதல் குமிழி போய்விட்டது.

முப்பது. முப்பத்தொன்று. முப்பத்துமூன்று.

முப்பத்தெட்டாவது நிமிடம் எண் மறுபடியும் ஏறியது. நூறு. நூற்றிருபது. இறங்கவில்லை. நூற்றைம்பது.

"மூடட்டுமா?" என்றார் வெங்கடேஷ்.

"வேண்டாம் சார்."

"நூத்தி எழுபது."

அவள் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். குழாய் அறையை விட்டு வெளியே வரும் இடத்தில், வளைவில், குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நகத்தால் குழாயைச் சுண்டினாள். அசையவில்லை. மறுபடி சுண்டினாள்.

"நூத்தி தொண்ணூறு, மாரீஸ்வரி."

வளைவைக் கைவிரலால் நிமிர்த்திப் பிடித்து மூன்றாவது முறை சுண்டினாள். குமிழி விட்டுக்கொடுத்தது. எண் நூறுக்கு, அறுபதுக்கு, நாற்பத்தைந்துக்கு இறங்கியது. வெங்கடேஷ் மூச்சை விடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் குழாயை அதே நிலையில் பிடித்தபடியே நின்றாள். முடியும்வரை கையை எடுக்கவில்லை.

ஐம்பதாவது நிமிடம் சாயிமா மின்சாரத்தைத் திருப்பினார். முட்கள் கரையத் தொடங்கின. நுனியிலிருந்து கரையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் திரையில் ஒரு முள் அடியில் மெலிந்தது. மேலும் மெலிந்தது. பிறகு வேரறுந்து தனியாக நின்றது. மற்றவை கரைந்து மறைந்தபிறகும் அது மட்டும் அப்படியே இருந்தது. இனி அதற்கு மின்சாரம் போகாது. பேட்டரிக்குள் செத்த துத்தநாகம் சேர்வது இப்படித்தான். சாயிமா அந்தப் படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

எழுபத்தொன்றாவது நிமிடம் வெங்கடேஷே ஓட்டத்தை நிறுத்தினார். ஹோல்டரை வெளியே எடுத்தபோது ஜன்னல் முழுதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெங்கடேஷ் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜைமேல் இரண்டு தாள்கள். ஒன்று பர்ச்சேஸுக்கு: பட்டறைமீது எழுதிய குறை தவறானது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. பிசிறு இருந்தது, ஆனால் உடைப்புக்கு அது காரணமில்லை என்றும் எழுதியிருந்தார். இன்னொன்று அவளுக்கு. கருவிக்கு ஆபத்தான ஒரு தகவலைப் பதினாறரை மணி நேரம் தெரிவிக்காமல் இருந்ததற்கான மெமோ. அவளுடைய கோப்பில் சேரும்.

"ரெண்டையும் ஒரே நாள்லே அனுப்பறேன்," என்றார். "நானும் சரியாப் பாக்காம அவர் மேலே எழுதினேன். அது என் தப்பு. நீங்க தெரிஞ்சும் சொல்லாம போனது உங்க தப்பு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கோ."

அவள் நின்றபடியே படித்தாள். ஆங்கிலத்தில் ஆறு வரி. இரண்டு முறை படித்தாள்.

"சார், இதுல ஹோல்டர அசெம்பிள் பண்ணினவர்னு என்னப் போட்டிருக்கு."

"ஆமாம். உங்க போஸ்ட் அதுதானே. பட்டறை உதவியாளர்."

"அசெம்ப்ளியில தப்பு நடக்கல சார். மாட்டினது சரியாத்தான் மாட்டினேன். தப்பு டிசைன்ல. டிசைன் பண்ணினவர்னு மாத்துங்க. அப்பறம் போடுறேன்."

வெங்கடேஷ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவள் வரைந்த ஹோல்டர்கள் பதினேழு. எந்தக் காகிதத்திலும் அந்தச் சொல் அவள் பெயரோடு வந்ததில்லை. அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டார். திருத்தி, மறுபடி அச்செடுத்து நீட்டினார். அவள் மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டாள். தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுயம்புவின் பெயர் பட்டியலுக்குத் திரும்பிவர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை வாரத்துக்கு ஒரு முறை அவள் பர்ச்சேஸ் மேஜைக்குப் போய், கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு வந்தாள். அவளுடைய ஒப்பந்தத் தாள் வழக்கம்போல இன்னும் ஒரு வருடத்துக்கு வந்தது. மெமோவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை; பதவி பழையபடி பட்டறை உதவியாளர்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் அவள் வெங்கடேஷின் அறைக்குப் போனாள். இந்த முறை கதவைத் தட்டினாள்.